மூன்று சென்டிமீட்டர்: முன்னேற்றக் கதையாடல்களும் உடலும்

சித்தப்பா வீட்டுத் திண்ணைச் சுவரில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. சித்தப்பா மகன் பத்தாவது முடித்ததிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒன்றாகப் போட்டுவந்தவை. போலீஸ் வேலைக்குப் போகணும் என்று ஆசைப்பட்டவன் தன் உடம்பைத் தானே அளந்துகொண்ட கணக்கு. முதல் சில கோடுகளுக்கு நடுவே விரல் வைக்க இடம் இருக்கிறது. கடைசி நாலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே தடித்த கோடாகிவிட்டன. தரையிலிருந்து 168 சென்டிமீட்டர்.

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு ஆண்கள் 170 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167 போதும். பெண்களுக்கு முறையே 159, 157. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை மைதானத்தில் நிறுத்தி உயரம் பார்த்து, மார்பு அளந்து, 1500 மீட்டர் ஓடவிட்டு, கயிறு ஏறவிட்டு எடுப்பார்கள். கூலி வீட்டுப் பையன் மாதச் சம்பளத்துக்குள் நுழைய மிச்சமிருக்கிற சில வாசல்களில் இது ஒன்று. விடியக்காலம் எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஓடுகிற பையன்களைப் பார்த்தால் வெளியூர்க்காரருக்கு விளையாட்டு ஆர்வம் என்று தோன்றும். அது வேலை தேடி ஓடுகிற ஓட்டம்.

எங்களுடையது கிறித்தவக் குடும்பம். தாத்தா காலத்தில் சேரியில் பாதித் தெரு ஞானஸ்நானம் வாங்கியது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவராக மாறியவர் பட்டியல் சாதிக்குள் வரமாட்டார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டவர். ஆகவே அவருக்கு 170. அதே தெருவில், அதே கிணற்றுத் தண்ணீரில் அதே ரேஷன் அரிசியைப் பொங்கித் தின்று, மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டுப் பையனுக்கு 167. ஏசுவைக் கும்பிட்டால் மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தாக வேண்டும். என் தம்பி அந்த மூன்று சென்டிமீட்டருக்குள் மாட்டிக்கொண்டான். விண்ணப்பமே போடவில்லை.

இதைச் சொன்னபோது தோழர் ஒருவர், சலுகையே கூடாது, எல்லாருக்கும் ஒரே அளவு வைக்கணும் என்றார். இன்னொருவர், தலித் கிறித்தவருக்கும் 167 கேட்டுப் போராடணும் என்றார். இரண்டாமவர் பக்கம்தான் நான். ஆனால் இருவருமே அந்தச் சலுகையை ஒரு பிரதியாக வாசிக்கவில்லை. சாதி எலும்பில் இருக்கிறது என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது. எப்படி எலும்புக்குள் போனது என்பதை மட்டும் விதி சொல்லவில்லை. 'இந்தச் சனங்கள் குட்டையான இனம்' என்கிற காலனியப் பழக்கமா, 'இவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு இல்லை' என்கிற ஒப்புதலா? இரண்டும் ஒன்றல்ல. முதலாவது இயற்கையைச் சாட்சிக்கு இழுக்கிறது. இரண்டாவது வரலாற்றை.

தலைமுறை முன்னேற்றம் பற்றிய கல்விப்புலச் சொல்லாடல் முழுவதிலும் இந்தக் குழப்பம் ஊடுருவிக்கிடக்கிறது. அந்தச் சொல்லாடல் பிறந்த இடம் இங்கிலாந்து. அங்கே போய்விட்டுத் திரும்புவோம்.

அப்பனுக்கும் மகனுக்கும் உள்ள உறவைப் புள்ளியியலில் அளக்கிற கருவி உயரத்தை அளப்பதற்காகச் செய்யப்பட்டது என்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை. 1886இல் பிரான்சிஸ் கால்ட்டன் 205 பெற்றோர் இணைகளையும் வளர்ந்துவிட்ட அவர்களுடைய 928 பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு உயரங்களை ஒப்பிட்டார். நெட்டைப் பெற்றோரின் பிள்ளைகள் அவர்களைவிடக் கொஞ்சம் குட்டையாகவும், குட்டைப் பெற்றோரின் பிள்ளைகள் அவர்களைவிடக் கொஞ்சம் நெட்டையாகவும் இருந்தார்கள். சராசரியை நோக்கிய இந்தத் திரும்பலுக்கு அவர் வைத்த 'ரிக்ரஷன்' என்ற பெயர்தான், இன்று அப்பன் வருமானத்துக்கும் மகன் வருமானத்துக்கும் உள்ள பிடிப்பை அளக்கிற பொருளியலாளர் வாயில் புழங்குவது. 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை 1883இல் உருவாக்கியவரும் இதே கால்ட்டன்தான். நல்ல இனம், கெட்ட இனம் பிரிக்கிற கடையில் வாங்கிய தராசு இது. தராசு என்பதாலேயே பொய் ஆகிவிடாது. யார் கடை என்பது ஞாபகத்தில் இருந்தால் போதும்.

அம்மாக்களை என்ன செய்வது என்று கால்ட்டனுக்கு ஒரு சிக்கல் வந்தது. பெண்கள் சராசரியில் ஆண்களைவிடக் குட்டை. அதனால் பெண்களின் உயரத்தையெல்லாம் 1.08ஆல் பெருக்கி ஆண் உயரமாக்கிக்கொண்டார். அதை அப்பாவின் உயரத்தோடு கூட்டி இரண்டால் வகுத்து 'நடுப்பெற்றோர்' என்று ஒரு உயிரைச் செய்தார். கணக்குக்குச் சௌகரியம். ஆனால் தாய் அதற்குள் வெறும் விதை கொடுத்தவளாக, எட்டு சதவீதம் குறைந்த அப்பனாக ஆகிப்போனாள். அவள் வயிற்றில் பத்து மாதம் நடந்தது எதுவும் கணக்கில் ஏறவில்லை.

பிறகு வந்தவர்கள் அந்த 1.08ஐயும் விட்டுவிட்டார்கள். 1954இல் டேவிட் கிளாஸ் பதிப்பித்த பிரிட்டன் ஆய்வு அப்பன் தொழிலையும் மகன் தொழிலையும் கட்டம் போட்டுப் பார்த்தது. ஜான் கோல்ட்தார்ப்பின் 1980ஆம் ஆண்டு நூல் 1972இல் ஆண்களிடம் மட்டும் எடுத்த கணக்கெடுப்பை வைத்து எழுதப்பட்டது. ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்துக்கு ஏறுகிறவன் ஆண். அவன் ஏறிய ஏணி படிப்பு, வேலை. அந்தக் கட்டங்களுக்குள் உடம்பு இல்லை, பசி இல்லை, தாய் இல்லை.

உடம்பு வந்தது பிரசவ ஆஸ்பத்திரி வழியாக. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களின் பதிவேடுகளை வைத்து ரேமண்ட் இல்ஸ்லி என்கிற சமூகவியலாளர் 1955இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு பெண்ணுக்கும் அப்பாவின் வர்க்கம், புருஷனின் வர்க்கம் இரண்டும் தெரியும். உடலுழைப்பு வீட்டில் பிறந்து மேல் வர்க்கத்தில் வாக்கப்பட்ட பெண்கள், தம் வர்க்கத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டவர்களைவிட உயரமாகவும் ஆரோக்கியமாகவும் இருந்தார்கள். கீழே இறங்கியவர்கள் குட்டையாக இருந்தார்கள். மேலே போனவர்களின் குழந்தைகள் செத்துப் பிறப்பதும் குறைவு.

இந்தக் கண்டுபிடிப்பை இரண்டு விதமாக வாசிக்கலாம். வறுமை உடம்பைக் குறுக்குகிறது, குறுகிய உடம்புக்கு வாசல்கள் மூடுகின்றன என்பது ஒரு வாசிப்பு. நல்ல உடம்பு உள்ளவர்கள் மேலே போய்விடுகிறார்கள், கீழே மிஞ்சுவது நலிந்தவர்கள், ஆகவே ஏழைகளின் நோய்க்கு ஏழ்மையைக் குற்றம் சொல்லாதே என்பது இன்னொன்று. பிரிட்டனில் 1980இல் வந்த பிளாக் அறிக்கை வர்க்கங்களுக்கிடையிலான சாவு வித்தியாசத்துக்கு நான்கு விளக்கங்களை எடுத்துப் பேசியது. இந்த இரண்டாவது வாசிப்பும் அவற்றில் ஒன்று. அறிக்கை அதை ஒதுக்கிவிட்டு வாழ்நிலைமைகளின் பக்கம் நின்றது. தாட்சர் அரசு என்ன செய்தது? அறிக்கையை 260 பிரதிகள் மட்டும் நகலெடுத்து ஆகஸ்ட் விடுமுறை வாரத்தில் வெளியே விட்டது. படிக்காமல் போகட்டும் என்று போட்ட அறிக்கை அதனாலேயே பிரபலமானது வேறு கதை.

இந்தத் 'தேர்வு' வாதம் இங்கே வேறு வேஷத்தில் இருக்கிறது. நாம் அதைத் 'தகுதி, திறமை' என்று கேட்டுப் பழகியிருக்கிறோம்.

உடம்பைக் காரணம் என்று சொல்கிற ஆள் எந்த வயதில் அந்த உடம்பைப் பார்க்கிறார் என்று கேட்க வேண்டும். பதினெட்டு வயதில் மைதானத்தில் பார்த்தால் அது இயற்கை மாதிரி தெரியும். ஒரு மனித உயிர் தன் முழு உயரத்தில் ஏறக்குறைய பாதியை இரண்டு வயதுக்குள் எட்டிவிடுகிறது. கருவிலும் அந்த இரண்டு வருடத்திலும் விட்டுப்போனதைப் பின்னால் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். வயிற்றுப்போக்கு, சளி, தாய்ப்பால் நின்றதும் கொடுக்க எதுவுமில்லாத மாதங்கள், நாற்று நடப்போன அம்மா, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆறு வயது அக்கா எல்லாம் அங்கே எழுதப்படுகிறது. மைதானத்தில் அளக்கிறவர் பதினாறு, பதினெட்டு வருடத்துக்கு முந்தைய கூலி நிலவரத்தை அளந்துகொண்டிருக்கிறார். அவருக்கு அது தெரியாது.

உயரம் பெரும்பாலும் பரம்பரைதானே என்று கேட்கலாம். வயிறார உண்கிற சனத்துக்குள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி மரபணுவால்தான். அது உண்மை. ஆனால் ஒரு சனத்துக்கும் இன்னொரு சனத்துக்கும், ஒரு தலைமுறைக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அதை நீட்ட முடியாது. தென்கொரியப் பெண்கள் 1896இல் பிறந்தவர்களிலிருந்து 1996இல் பிறந்தவர்கள் வரை சராசரியில் 20 சென்டிமீட்டர் உயர்ந்தார்கள். நூறு வருஷத்தில் மரபணு மாறிவிடவில்லை. அதே காலத்தில் நம் நாட்டில் கூடியது சொற்பம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் 25 சதவீதம், அதாவது நாலில் ஒன்று. சாதிவாரியாகப் பிரித்தால் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடம் இது கூடுதல்.

தாயின் உடம்பு என்ன செய்கிறது என்பதற்குக் குதிரைகளை வைத்து ஒரு பழைய சோதனை உண்டு. 1938இல் வால்ட்டன், ஹாமண்ட் என்கிற இருவர் பிரமாண்டமான ஷயர் குதிரையையும் குள்ளமான ஷெட்லாண்ட் மட்டக் குதிரையையும் இரண்டு வழியிலும் கலப்புச் செய்தார்கள். குட்டிகளின் பரம்பரைக் கலவை ஒரே மாதிரி. ஆனால் பெரிய தாயின் வயிற்றில் வளர்ந்தது பெரிதாகப் பிறந்தது, சின்னத் தாயின் வயிற்றில் வளர்ந்தது சின்னதாகப் பிறந்தது. சின்னதாகப் பிறந்தது வளர்ந்தும் மற்றதை எட்டிப்பிடிக்கவில்லை. கால்ட்டனின் 1.08 மறைத்தது இதைத்தான். தாய் வெறும் விதைக்காரி அல்லள். அவளே நிலம். அந்த நிலத்துக்கு அவளுடைய அம்மா காலத்தில் என்ன உரம் விழுந்தது என்பதும் விளைச்சலில் வரும்.

மனிதரிடம் இதைக் காட்டிய ஆய்வு குவாத்தமாலாவில் நடந்தது. 1969 முதல் 1977 வரை அந்த நாட்டின் கிழக்கே நான்கு கிராமங்கள். இரண்டில் 'அத்தோலே' என்கிற புரதம் நிறைந்த கஞ்சி கொடுத்தார்கள், இரண்டில் புரதமில்லாத ஒரு சர்க்கரைப் பானம். முப்பது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, மூன்று வயதுக்கு முன் கஞ்சி குடித்த ஆண்கள் மற்றவர்களைவிட மணிக்கு அதிகக் கூலி வாங்கினார்கள். 2008இல் வந்த முடிவு இது. கஞ்சி குடித்த பெண்களின் கூலியில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. 2009இல் வேறொரு முடிவு வந்தது: சிறுமிகளாக அந்தக் கஞ்சியைக் குடித்தவர்கள் பெற்ற பிள்ளைகள் கூடுதல் உயரத்தோடு இருந்தார்கள்.

அப்பன் - மகன் கட்டத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பெண்கள் பூஜ்யம். கூலி ஏறவில்லை, தொழில் மாறவில்லை. ஆனால் முன்னேற்றம் அவர்கள் வழியாகப் போயிருக்கிறது. அவர்களுக்கு என்று ஒன்றும் ஒட்டாமல், அடுத்தவர் உடம்பில் போய் இறங்கியிருக்கிறது. 'முன்னேறியவர்' யார் என்று கேட்டால் மகனைக் காட்டுவோம். பேட்டி எடுப்போம். 'உங்கள் வெற்றிக்குக் காரணம்?' 'அம்மாவின் தியாகம்.' கைதட்டல். தியாகம் என்கிற சொல் இங்கே செய்கிற மோசடி என்னவென்றால், புரதக் கணக்கைப் பாசக் கணக்காக மாற்றிவிடுகிறது.

இலக்கியத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளிலிருந்து நம் சிறுபத்திரிகைகளில் உடல் பற்றி எழுதாத ஆள் குறைவு. ஃபூக்கோ வந்தார். உடல் கண்காணிக்கப்பட்டது, தண்டிக்கப்பட்டது, கொண்டாடப்பட்டது, கட்டுடைக்கப்பட்டது. அந்த உடலுக்குப் பசித்ததாக எழுதிய கோட்பாட்டுக் கட்டுரை ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நானும் அந்த வரிசையில் நின்று எழுதியவன்தான். பூர்தியு கொஞ்சம் கிட்டத்தில் வந்தவர். வர்க்கம் உடம்பில் எப்படி உட்கார்கிறது, எப்படிச் சாப்பிட வைக்கிறது, நடக்க வைக்கிறது என்று எழுதினார். ஆனால் அவருடைய உடல் கற்றுக்கொள்கிற உடல். எலும்பு அதற்கு முன்னாடியே வளர்ந்து முடிந்துவிடுகிறது.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது நாம் அதை எப்படி வாசித்தோம்? அதில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு காட்சி உண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. பிறகு அண்ணன் அதன் அர்த்தத்தைச் சொல்கிறான். படித்து முன்னேறினால் இந்த அவமானத்தைத் தூக்கி எறியலாம் என்கிறான். அவள் வெறி பிடித்துப் படிக்கிறாள். பாடநூல்களிலும் கருத்தரங்குகளிலும் அந்தப் புத்தகம் இந்த இடத்தில்தான் மேற்கோள் ஆகிறது. அண்ணனின் அறிவுரை நம் பெருங்கதையாடல்: படி, ஏறு.

அதற்கு வெகுதூரத்தில் இல்லை பாட்டி. நாயக்கர் வீட்டில் வேலை செய்துவிட்டு, சாக்கடை ஓரம் பாத்திரத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறாள். வீட்டுக்கார அம்மாள் எட்டி நின்று பழைய சோற்றைக் கவிழ்க்கிறாள். இதையும் தீண்டாமையின் குறியீடு என்று எழுதினோம். குறியீடுதான். ஆனால் அது சோறும்கூட. அந்த வீட்டில் அன்றைக்கு யார் என்ன தின்றார்கள் என்கிற கணக்கு அந்தப் பாத்திரத்தில் இருக்கிறது. அண்ணன் கல்லூரிக்குப் போனதற்கும் தங்கை வகுப்பில் முதலாவது வந்ததற்கும் கீழே அந்தப் பாத்திரமும் இருக்கிறது. நாம் அவமானத்தை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொண்டு சோற்றைக் கீழே ஊற்றிவிட்டோம். பாமா ஊற்றவில்லை. ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் (2002) படித்த தலித் கிறித்தவன் கடைசியில் வேலைக்காக மதம் மாறிச் சான்றிதழ் வாங்கப்போகிறான். என் தம்பியின் மூன்று சென்டிமீட்டர் அந்த நாவலின் பின்னிணைப்பு மாதிரி இருக்கிறது.

அபர்டீன் கதைக்கு நம் ஊரில் பொருந்தாத ஒரு பகுதியும் உண்டு. அங்கே உயரமான ஏழைப் பெண் கல்யாணத்தின் வழியாக வர்க்கம் தாண்டினாள். இங்கே மணமகள் தேவை விளம்பரத்தில் உயரம் கேட்கிறார்கள். ஆனால் சாதியைக் கேட்டபிறகுதான் உயரம். சாதிக்குள் மட்டும் செல்லுகிற காசு அது. தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2012இல் எரிந்த தருமபுரி நத்தம் காலனி இருக்கிறது. 2015இல் கோகுல்ராஜ், 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டப்பட்ட சங்கர். இருவரும் பொறியியல் படித்தவர்கள். ஏணியில் ஏறிய உடம்பு, ஏறியதாலேயே கண்ணில் பட்டது. முன்னேற்றத்தின் 'உடல் காரணிகள்' என்று யாராவது பட்டியல் போட்டால் அரிவாளையும் அதில் சேர்க்கச் சொல்வேன்.

சத்துணவு பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் இடதுசாரித் தோழர்கள் அதை ஓட்டுக் கஞ்சி என்று எழுதிய காலம் உண்டு. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்தியபோது கேலி நிறைய. வளர்ச்சி தீர்மானமாகிற வயது தாண்டியபிறகுதான் பள்ளிக்கூடச் சோறு வருகிறது என்று வைத்தியர்கள் சொன்னால் அது நியாயமான விமர்சனம். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டுச் சத்துமாவு கொடுத்ததற்குக் காரணமே இதுதான். ஆனால் பள்ளிக்கூடச் சோற்றைத் தின்ற சிறுமி பிறகு தாயானாள். அனைத்திந்தியத் தரவுகளை வைத்து 2021இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, சிறுமிகளாக மதிய உணவு பெற்ற பெண்களின் குழந்தைகளிடம் உயரக் குறைவு குறைந்திருப்பதைக் காட்டியது. ஏழைக் குடும்பங்களில் பலன் கூடுதல். அந்தப் பெண்கள் கூடுதலாகப் படித்தது, தள்ளிப் பிள்ளை பெற்றது, குறைவாகப் பெற்றது எல்லாம் வழிகளாக இருந்தன. சோறும் படிப்பும் இரண்டு ஏணிகள் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கணும். ஒரு திட்டத்தின் பலனைப் பார்க்க ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்து வருட ஆட்சிக்கும் ஆறு மாதப் போராட்டத்துக்கும் பழகிய நமக்கு அந்தப் பொறுமை கிடையாது.

போன கோடையில் ஊருக்குப் போனபோது சித்தப்பாவையும் சித்தியையும் அந்தச் சுவரில் நிறுத்தி அளந்தோம். சித்தப்பா 163. சித்தி வரமாட்டேன் என்றாள். "எனக்கெதுக்குடா அளவு, நான் என்ன போலீசுக்கா போவப் போறேன்?" இழுத்துவந்து நிறுத்தினோம். 147. கால்ட்டன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 147ஐ 1.08ஆல் பெருக்கி, 163ஐக் கூட்டி, இரண்டால் வகுத்தால் ஏறக்குறைய 161. மகன் 168. ஒரு வீட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனாலும் அந்தப் பையன் அப்பன் ஆத்தாளைத் தாண்டி ஏழு சென்டிமீட்டர் ஏறி நிற்கிறான். மைதானத்துக் கணக்கில் அவன் இரண்டு சென்டிமீட்டர் குறைவு.

சித்தி அஞ்சாப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சாப்பிட்டவள். அவள் அம்மாவுக்கு அதுவும் கிடையாது. இவன் வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாசம் வரை நடவுக்குப் போனதாகச் சொன்னாள். மத்தியானம் என்ன சாப்பிட்டே என்று கேட்டேன். யோசித்தாள். "கொல்லைக்காரங்க குடுத்த கூழு. அங்கன்வாடில மாவு குடுப்பாங்க, அத உருண்டை புடிச்சி மடியில வச்சிருப்பேன். நட்டுக்கிட்டே திங்கிறதுதான்." தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. அவன் அக்காவுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. அதையும் நிறுத்தி ஒரு கோடு போட்டான். அது நிற்காமல் நழுவியதில் கோடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது.